கரைகட்டு, ஆறாம் பதிப்பு

ஆறாம் பதிப்பு வெளியான பதினோராம் நாள், காலை பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு, மருதாசலம் ஒரு துணிப்பையுடன் வந்து பூங்கோதையின் மேசைக்கு முன்னால் நின்றார். உட்காரச் சொன்னாள். அவர் உட்காரவில்லை.

“ஏனுங்க, மந்திரத்தைக் கொறைச்சது நீங்கதானுங்களா?”

“ஆமாங்க. என்ன விஷயம்?”

“எம்பட சம்சாரம் செத்துப்போச்சுங்க.”

பூங்கோதை எழுந்துவிட்டாள். நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது.

“எப்போங்க?”

“பதினாலு வருசத்துக்கு முன்னாடி.” அவர் கதவுப் பக்கம் கை காட்டினார். “வெளிய பெஞ்சுல உக்காந்திருக்குதுங்க.”

கண்ணாடிக் கதவு வழியே பார்த்தாள். மாம்பழ நிறச் சேலை கட்டிய ஒரு பெண்மணி மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். சுவரில் மாட்டியிருந்த ‘எட்டுக்கணவாய்’ வரைபடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பூங்கோதைக்கு ஒன்றும் புரியவில்லை.

எட்டுக்கணவாய் மேசை ஆட்டம். திரை கிடையாது. நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்வார்கள். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரம். வாள்காரர், திருடர், வைத்தியர், மந்திரவாதி. என்ன செய்கிறோம் என்று சொல்லிவிட்டுப் பகடை உருட்ட வேண்டும். பீளமேட்டில் இருக்கும் ‘கல்மேசை’ என்ற இந்த நிறுவனம் ஆட்டத்துக்கு விதி எழுதுகிறது. பூங்கோதையின் வேலை சமன் பார்ப்பது.

சமன் என்றால் மந்திரவாதிதான். அவனைக் கொஞ்சம் தூக்கினால் மற்ற எல்லோரும் சும்மா உட்கார வேண்டும். பூட்டா, மந்திரம். பாம்பா, மந்திரம். ஆறா, மந்திரம். அவனைக் கொஞ்சம் இறக்கினால் அவன் சும்மா உட்கார வேண்டும். ஐந்து பதிப்புகளாக இது மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருந்தது. ஆறாம் பதிப்பில் பூங்கோதை ஒரே ஒரு வரி சேர்த்தாள். எந்த மந்திரமும் சொன்ன சுற்றில் பலிக்காது. அடுத்த சுற்றில்தான் பலிக்கும். அவ்வளவுதான். பதிப்பே மாறிவிட்டது.

சும்மா இருப்பதை அளக்க அவளிடம் ஒரு வழி இருந்தது. ஒரு சுற்றில் செய்ய எதுவும் இல்லாதவர் தன் டம்ளரில் ஒரு புளியங்கொட்டை போட வேண்டும். ஆட்டம் முடிந்ததும் எண்ணினால் தெரிந்துவிடும். அது அவள் வீட்டு மேசையில் பிறந்த வழக்கம். அண்ணன் பூவரசன் மந்திரவாதி, அவள் வாள்காரி. அவன் எல்லாவற்றையும் முடித்துவிடுவான். அவள் டம்ளர் நிறைந்து வழியும். அந்தக் கடுப்பில் அவள் கண்டுபிடித்தது. அதைச் சொல்லித்தான் இந்த வேலையே கிடைத்தது. இன்று நாடு முழுக்கச் சோதனை மேசைகளில் கொட்டை விழுகிறது.

“உக்காருங்க,” என்றாள் மறுபடியும். “முதல்ல இருந்து சொல்லுங்க.”

மருதாசலம் உட்கார்ந்தார். கணபதியில் லேத் பட்டறை வைத்திருப்பவர். விரல் நுனிகளில் எண்ணெய்க் கருப்பு ஏறியிருந்தது. நெற்றியின் இடது பக்கம் தோல் கொஞ்சம் தட்டையாக இருந்தது.

“ஞாயித்துக்கெழமைல ஆறு பேரு வெளையாடுவோமுங்க. நாந்தான் மந்திரவாதி. கலாமணி திருட்டுப் பொண்ணு. செம்பின்னு பேரு. மூணாம் பதிப்பு வந்த புதுசு. கோட்டைக்கு அடியில ஒரு சொரங்கம். செம்பியைக் கம்பியில கட்டிப் போட்டுட்டாங்க. தண்ணி ஏறுது. எங்கிட்ட கரைகட்டு ஒண்ணுதான் பாக்கி.”

“தண்ணியைத் தடுத்து நிறுத்துற மந்திரம்.”

“அதேதானுங்க. கதை சொல்றவரு சொன்னாரு, மருதாசலம், யோசிச்சுக்க, கடைசிக் கணவாய்ல இது இல்லீன்னா நீ காலின்னு. நான் யோசிக்கலைங்க. போட்டுட்டேன். செம்பி பொழைச்சுக்கிட்டா. கடைசிக் கணவாய்ல நான் செத்தேன். எல்லாரும் சிரிச்சாங்க. கலாமணி சிரிக்கல. ஆட்டம் முடிஞ்சு படி எறங்கறப்ப கேட்டுது, உங்களுக்கு வூட்ல யாரு இருக்கறாங்கன்னு.” அவர் நிறுத்தினார். “எனக்கு அப்ப நாப்பத்திரண்டு. அதுக்கு முப்பத்தாறு. அந்த நெனைப்பையெல்லாம் வுட்டுட்டிருந்த காலமுங்க.”

“சரி.”

“போன வாரம் எல்லாரும் புதுப் பதிப்பு ஏத்திக்கிட்டாங்க. அன்னிக்கு ராத்திரி சாப்புடறப்ப கேக்குது, அன்னிக்கு என்னை ஏன் முழுக வுட்டீங்கன்னு.”

பூங்கோதை தொலைபேசியை எடுத்து ஞானராஜை வரச் சொன்னாள்.

ஞானராஜ் பட்டைப் பிரிவின் தலைவன். நாகர்கோவில்காரன். பட்டை என்பது தலையில் பத்து நிமிடம் கட்டிக்கொள்ளும் ஒரு நாடா. விதிப்புத்தகம் எழுநூறு பக்கம். யாருக்கும் படிக்கப் பொறுமை இல்லை. பட்டையைக் கட்டினால் விதி ஏறிவிடும். மூன்றாம் பதிப்பிலிருந்து எல்லோரும் அப்படித்தான் விளையாடுகிறார்கள்.

அவன் நின்றபடியே கேட்டான். கேட்டு முடித்ததும் கேட்ட முதல் கேள்வி, “நீங்க பட்டை கட்டலியா, சார்?”

“நம்மளால முடியாதுங்க. லேத்துல சக் முறுக்கற சாவி தெறிச்சு மண்டையில தகடு வெச்சிருக்குது. நான் புஸ்தகம் பார்த்துதான் வெளையாடறது.”

ஞானராஜ் பூங்கோதையைப் பார்த்தான். “அதான் அக்கா.”

“என்னது அதான்?”

“நம்ம சோதனை மேசையில எல்லாருமே பட்டை கட்டினவங்க. எல்லாருக்கும் ஒண்ணு போல மாறும். ஒண்ணு போல மாறினா மாறினதே யாருக்கும் தெரியாது. கட்டாத ஆள் ஒருத்தர் நடுவுல உக்காந்தா என்ன ஆகும்னு நாம பாக்கவே இல்ல.”

மருதாசலம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க தம்பி.”

“பழைய விதி மண்டையில இருந்தா புது விதி ஒட்டாது, சார். அஞ்சாம் பதிப்புல பெரிய சண்டை. முந்தி அப்படித்தானே, இப்ப எப்படி இப்படின்னு ஒவ்வொரு மேசையிலும் வாக்குவாதம். அதனால ஒத்திசைவுன்னு ஒண்ணு சேர்த்தோம். புது விதி ஏறும்போது, பழைய ஆட்டங்களும் அந்த விதிப்படி நடந்த மாதிரி நினைவு தன்னைச் சரிபண்ணிக்கும். ஆட்டத்தை மட்டும்தான். வேற எதையும் தொடாது.”

“கலியாணத்தைத் தொட்டிருக்குதே.”

ஞானராஜ் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

பூங்கோதைக்கு ஒத்திசைவைப் பற்றித் தெரியும். அனுமதித் தாளில் அவள் கையெழுத்தும் இருக்கிறது. ஆட்டம்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்துப் போட்ட கையெழுத்து.

“அஞ்சு பேரும் ஒரே மாதிரி சொல்றாங்க,” என்றார் மருதாசலம். “கதை சொன்னவரும் சொல்றாரு. ஒருவேளை நாந்தான் தப்பா வெச்சிட்டிருக்கறனோன்னு ஆயிப்போச்சு. ரெண்டு நாளா பட்டறைக்குப் போகலைங்க. அளவு எடுக்கப் பயமா இருக்குது.”

அவர் பையிலிருந்து இரண்டு பழைய தாள்களை எடுத்தார். மடிப்புகளில் செல்லோடேப் ஒட்டியிருந்தது. ஒன்று செம்பியுடையது. மற்றது அவர் மந்திரவாதியின் தாள். ‘கரைகட்டு’ என்று எழுதி எதிரே மூன்று வட்டங்கள். மூன்றும் பென்சிலால் அடிக்கப்பட்டிருந்தன. மூன்றாவதின் பக்கத்தில் சின்னதாக, ‘செம்பிக்கு’.

“அவங்களைக் கூப்பிடுங்க,” என்றாள் பூங்கோதை.

கலாமணி உள்ளே வந்து கணவர் பக்கத்தில் உட்கார்ந்தார். தையல் வகுப்பு எடுப்பவர். பேச்சு நிதானமாக இருந்தது.

“ஆட்டத்துல செத்ததுக்காக வரலைங்க. செத்தா வேற ஆளு எழுதிக்கலாம். நானும் அப்புறம் அதே பேருல வேற செம்பி எழுதிக்கிட்டேன்னுதான் எனக்கு ஞாபகம்.”

“எழுதல,” என்றார் மருதாசலம். “அதே தாள்தான். இதோ இருக்குது பாரு.”

“பார்த்தேனுங்க. நூறு தடவ காட்டிட்டீங்க.” அவர் பூங்கோதை பக்கம் திரும்பினார். “இவரு பொய் சொல்ல மாட்டாரு. அது எனக்குத் தெரியும். தண்ணி மூக்கு வரைக்கும் வந்ததும் தெரியும். இவரு என்னைப் பார்க்கறாரு. கையில பகடை இருக்குது. மனசுக்குள்ள கணக்குப் போடறாரு. இப்பச் சொன்னா பலிக்காது, அடுத்த சுத்துலதான் பலிக்கும், அதுக்குள்ள இவ முழுகிருவா, எதுக்கு வீணாக்கறதுன்னு. அந்த மந்திரத்தைத் தனக்கு வெச்சுக்கறாரு. அந்த மூஞ்சி எனக்கு அப்படியே இருக்குதுங்க. ரெண்டும் எப்படிங்க உண்மையா இருக்கும்?”

கலாமணி சேலைத் தலைப்பை மடியில் வைத்து நீவினார்.

“எங்க கலியாணத்துல எல்லாரும் அதைச் சொல்லிச் சிரிச்சாங்க. சிரிச்சது ஞாபகம் இருக்குது. எதுக்குச் சிரிச்சாங்கன்னு தெரியல. படியில எறங்கறப்ப நாந்தான் இவருகிட்டப் பேச்சுக் கொடுத்தேன். அதுவும் ஞாபகம் இருக்குது. என்னைத் தண்ணியில வுட்டவருகிட்ட நான் எதுக்குப் போயிப் பேசுனேன்? அந்த எடம் காலியா இருக்குதுங்க. தினமும் அதுல போயி நிக்கறேன்.”

மருதாசலம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த மூஞ்சியை யாரு வெச்சது?” என்று பூங்கோதை ஞானராஜிடம் கேட்டாள். “நான் ஒரு வரிதானே எழுதினேன்?”

“யாரும் வைக்கல அக்கா. புது விதிப்படி புத்தியோட விளையாடற ஒரு ஆள் அந்த எடத்துல என்ன செய்வானோ அதை மூளையே எடுத்துக்கும். சொல்லப்போனா அவர் நல்லா விளையாடிருக்கார்.”

“இது பாராட்டுங்களா தம்பி?” என்றார் மருதாசலம்.

இன்று மாலை ஐந்து மணிக்குள் பூங்கோதை ஆறாம் பதிப்பை உறுதிசெய்ய வேண்டும். அதுவரை சமன் பார்ப்பவர்கள் புதுப் பட்டையைக் கட்டக் கூடாது. பழையதோடு ஒப்பிட ஆள் வேண்டும். அதனால் அவள் இன்னும் ஐந்தாம் பதிப்பில்தான் இருந்தாள். படிவத்தில் இரண்டு கட்டங்கள். ‘நிலைநிறுத்துக’. ‘திரும்பப் பெறுக’. உறுதிசெய்தபின் அவளும் பட்டை கட்டிக்கொள்வாள்.

“திரும்பப் பெற்றா?” என்று கேட்டாள்.

“எல்லாருக்கும் அஞ்சாம் பதிப்பு மறுபடி ஏறும். மந்திரம் உடனே பலிக்கும். இவங்களுக்குச் செம்பி பிழைச்சுருவா.”

“அது பழைய ஞாபகமுங்களா?” என்றார் மருதாசலம்.

ஞானராஜ் தயங்கினான். “பழசு மாதிரியே ஒரு புதுசு. பழசை எங்கேயும் எடுத்து வைக்கறதில்ல, சார்.”

“இருக்கட்டுங்க,” என்றார் கலாமணி. “ஏதோ ஒண்ணு அந்த எடத்துல இருக்கட்டும்.”

பூங்கோதை எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். “அம்மா, நாற்பதாயிரம் பேர் விளையாடறாங்க. நான் அந்த வரியைச் சும்மா எழுதலைங்க. மந்திரவாதி கூட உட்கார்ந்து விளையாடறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். சின்ன வயசு முழுக்க எங்கண்ணன் கதவைத் தொறந்தான். நான் விளக்கைப் பிடிச்சுட்டு நின்னேன். கூட இருந்தும் இல்லாத மாதிரி. அந்த மாதிரி இன்னொருத்தர் உட்காரக் கூடாதுன்னுதான்…”

“நீங்க பட்டை கட்டுவீங்ளா?” என்று மருதாசலம் குறுக்கிட்டார்.

“கட்டுவேன்.”

“எப்ப இருந்துங்க?”

“மூணாம் பதிப்புல இருந்தே.”

அவர் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார். கோபம் இல்லை. ரிப்பேருக்கு வந்த பம்பைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“எங்க பட்டறையில ஒருக்கா அளவு பார்க்கற கேஜ் தேஞ்சு போச்சுங்க. யாரும் கவனிக்கல. ஆறு மாசம் அடிச்சதெல்லாம் சரின்னே காட்டுச்சு. கொண்டுபோயி மாட்டறப்பதான் தெரிஞ்சுது.” அவர் தாள்களை மடித்துப் பையில் வைத்தார். “நாங்க வெளிய உக்காந்திருக்கறோமுங்க. அஞ்சு மணி வரைக்கும்.”

அவர்கள் போனபின் ஞானராஜும் போகப் பார்த்தான்.

“நில்லு,” என்றாள் பூங்கோதை. “ஒத்திசைவு அஞ்சாம் பதிப்புலதானே வந்துச்சு? நாலாம் பதிப்புல எனக்கு எதுவும் மாறியிருக்காதே?”

அவன் கதவுப் பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

“சோதனை நாலுலேயே நடந்துச்சு அக்கா. ஒரே ஒரு மேசையில.”

“எந்த மேசை?”

“ஏழு.”

ஏழு அவர்கள் வீட்டு மேசை. அவள், அண்ணன், அண்ணனின் இரண்டு நண்பர்கள். ஏழு வருடங்களுக்கு முன்னால் கல்மேசைக்காகச் சோதனை ஆட்டம் ஆடினார்கள்.

“நான் ஒத்துக்கிட்டேனா?”

“கையெழுத்து இருக்கு.”

“எதுக்குன்னு சொன்னீங்களா?”

“மாறினது தெரியாம இருக்கணும்னுதானே சோதனையே. சொன்னா எப்படி அக்கா?” அவன் குரல் இறங்கியது. “அப்புறம் நீங்க இங்கயே வேலைக்கு வந்துட்டீங்க. அந்தப் புளியங்கொட்டைக் கதையோட. நான் எந்த முகத்தோட சொல்ல?”

மூன்றாம் மாடியில் பழைய சோதனை மேசைகளின் தாள்கள் இருந்தன. அட்டைப்பெட்டிகள். பூங்கோதை இதுவரை அங்கே போனதில்லை. போகத் தேவை இருந்ததில்லை. ஏழாம் எண் பெட்டியைக் கீழே இறக்கி, தரையிலேயே உட்கார்ந்தாள். நாலாம் பதிப்புக்கு முன்னால் ஆடிய ஆட்டங்களின் குறிப்புகள் நூல் கட்டி இருந்தன. அண்ணனின் கையெழுத்து. ‘ழ’வுக்கு நீளமாக வால் இழுப்பான்.

சாம்பல் கோட்டை ஆட்டத்தை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. மேலிருந்து அம்பு மழை. அண்ணன் ஒரே வார்த்தை சொன்னான். கதவு திறந்தது. அவள் விளக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள். அன்று மட்டும் டம்ளரில் முப்பது கொட்டைக்கு மேல்.

தாளில் எழுதியிருந்தது:

‘சாம்பல் கோட்டை. கதவு: கோதை, மூன்றாம் அடியில். விளக்கு: நான்.’

அதற்குக் கீழே:

‘என் மந்திரம் பெட்டிப் பூட்டுக்குத்தான் ஆகும். கோட்டைக் கதவுக்கு ஆகாது. மூன்று மணி நேரம் எனக்குச் செய்ய ஒன்றுமே இல்லை. இனிமேல் சும்மா இருப்பவர் டம்ளரில் புளியங்கொட்டை போட வேண்டும் என்று சொன்னேன். கோதை விழுந்து விழுந்து சிரித்தாள். இன்றைய எண்ணிக்கை: கோதை 3. நான் 27.’

அவள் மறுபடி படித்தாள். பிறகு மற்ற தாள்களைப் புரட்டினாள். கோதை 5, நான் 22. கோதை 2, நான் 30. ஒரு தாளின் ஓரத்தில் டம்ளருக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு மந்திரவாதியின் படம். தாடி வரை கொட்டை.

நாலாம் பதிப்பில்தான் மந்திரவாதியைத் தூக்கினார்கள். பாவம், அவனுக்கு வேலையே இல்லை என்று நிறையப் பேர் எழுதிக் கேட்டதால். எந்தக் கதவையும் மந்திரம் திறக்கும் என்று விதி வந்தது. ஐந்திலும் அது அப்படியே இருந்தது. ஏழாம் மேசையில் எல்லோருக்கும் அது ஏறியது. அண்ணனுக்கும்.

அதற்கு அடுத்த வருடம் அப்பாவுக்கு ஆபரேஷன். அவளைக் கேட்காமல் அண்ணனே கையெழுத்துப் போட்டான். அப்பா பிழைக்கவில்லை. ஆஸ்பத்திரி நடையில் அவள் கத்தினாள். சின்ன வயசுல இருந்து இதேதான், நீ கதவைத் தொறப்பே, நான் விளக்கைப் பிடிச்சுட்டு நிக்கணும், இல்ல? அண்ணன் கண் சிவந்து நின்றான். ஆமா, விளக்கையாவது ஒழுங்காப் பிடிச்சே, என்றான். விளக்கு அவள் கையில் இருந்தது இருவருக்கும் நன்றாகவே நினைவிருந்தது. அதற்குப் பிறகு ஆறு வருடம் பேச்சில்லை. அவன் ஈரோட்டில் பாலிடெக்னிக்கில் இருக்கிறான், இன்னும் விளையாடுகிறான் என்று யாரோ சொன்னார்கள்.

தாளை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். கதவை உடைத்ததை நினைத்துப் பார்க்க முயன்றாள். மூன்றாம் அடி. மரம் பிளந்திருக்கும். எதுவும் வரவில்லை. டம்ளர்தான் வந்தது. கொட்டை விழும் சத்தம் வந்தது. அதன் எரிச்சல் அப்படியே இருந்தது.

ரெண்டும் எப்படிங்க, என்று கலாமணி கேட்டது காதில் விழுந்தது.

ஞானராஜ் வாசலில் நின்றான். நாலே முக்கால் ஆகியிருந்தது.

“உங்கண்ணன் புதுப் பதிப்பு ஏத்திக்கிட்டாரா அக்கா?”

“தெரியாது. ஏத்தியிருப்பான். எப்பவும் முதல் ஆள்.”

“அப்ப அவருக்கு இப்ப சரியா இருக்கும். ஆறாம் பதிப்புல மந்திரம் உடனே பலிக்காதில்லியா. அந்த அம்பு மழையில அவரால ரெண்டு சுத்து நிக்க முடியாது. கதவை நீங்கதான் ஒடச்சிருப்பீங்க.”

“அவனுக்கு உண்மை திரும்பிடுச்சா?”

“உண்மை மாதிரியே ஒண்ணு.” அவன் தலையைச் சொறிந்தான். “நீங்க நிலைநிறுத்திட்டு, இன்னிக்குப் பட்டை கட்டினா உங்களுக்கும் அதுதான் ஏறும். நீங்க ஒடச்சீங்க, அவர் விளக்கு. தாள்ல இருக்கற மாதிரியே.”

“திரும்பப் பெற்றா?”

“அவர் மறுபடி கதவைத் தொறப்பார். அவரும் பட்டை கட்டணும்னு அறிவிப்பு போயிடும்.”

“ஒத்திசைவை மட்டும் நிறுத்தினா?”

“நிறுத்தலாம். ஆனா இப்ப மண்டையில என்ன இருக்கோ அப்படியே நிக்கும். அந்த அம்மாவுக்குத் தண்ணிதான்.”

பூங்கோதை பெட்டியை மூடினாள். ஒரு தாளை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

கீழே பெஞ்சில் அவர்கள் அப்படியே இருந்தார்கள். கலாமணி தூங்கிப்போயிருந்தார். தலை மருதாசலத்தின் தோளில் இருந்தது. அவர் நகராமல் உட்கார்ந்திருந்தார். பை கீழே விழுந்திருந்தது. அதை எடுக்கக் குனிந்தால் மனைவி விழித்துவிடுவார் என்று விட்டிருந்தார் போல. தூக்கத்தில் அந்தத் தோளைக் கலாமணிக்குத் தெரிந்திருந்தது. விழித்தால் மறுபடி அந்தக் காலி இடத்தில் போய் நிற்பார்.

அறைக்குள் போய்ப் படிவத்தை எடுத்தாள். எது சமன் என்று தெரியவில்லை. தெரியும் என்று நினைத்துத்தான் போன தடவை கையெழுத்துப் போட்டாள். நாற்பதாயிரம் பேரின் டம்ளர்களை நினைத்துப் பார்த்தாள். அவற்றில் எத்தனை கொட்டை உண்மையில் விழுந்தது, எத்தனையைப் பதிப்பு போட்டது?

‘திரும்பப் பெறுக’ என்ற கட்டத்தில் டிக் அடித்தாள். அதன் கீழே, இதுவே கடைசி ஒத்திசைவு, இனி எந்தப் பதிப்புக்கும் கிடையாது, என்று கையால் எழுதினாள். கையெழுத்துப் போட்டு ஞானராஜிடம் நீட்டினாள்.

அவன் படித்தான். “உங்கண்ணன், அக்கா?”

“போ. அஞ்சு மணி ஆகப்போகுது.”

அவன் போனான். அவள் கைபேசியை எடுத்தாள். ஆறு வருடமாக அந்த எண்ணை அழிக்கவும் இல்லை, அழுத்தவும் இல்லை. மேசை மேல் தாள் இருந்தது. கதவு: கோதை. விளக்கு: நான். அழுத்தினாள்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான்.

“கோதை?”

அவள் மேசை மேலிருந்த தாளைக் கையில் எடுத்தாள்.

“கோதைதானே? நானே கூப்பிடணும்னு நாலு நாளா போனை எடுக்கறேன், வைக்கறேன்.” குரலில் வயது தெரிந்தது. பின்னால் நாற்காலிகள் இழுபடும் சத்தம், யாரோ பகடையை உருட்டும் சத்தம். “இரு, வெளிய வர்றேன். பசங்க ஆட்டத்துக்கு உக்காந்திருக்காங்க. ஏதோ திருத்தமாம், அஞ்சு மணிக்கு எல்லாரும் பட்டை கட்டணுமாம், இப்பத்தான் செய்தி வந்துச்சு. கையிலதான் வெச்சிருக்கேன்.”

“அண்ணா…”

“அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைச்சுக்காதே. கொஞ்ச நாளா மண்டையைக் குடையுது. அன்னிக்கு ஆஸ்பத்திரியில நீ அப்படிக் கத்தினே. நானும் என்னமோ பதில் சொன்னேன். எவ்வளவு யோசிச்சும் எனக்குப் புரியல. சாம்பல் கோட்டையில கதவை ஒடச்சது நீ. விளக்கைப் பிடிச்சுட்டு நின்னது நான்தானே, கோதை?”